டெஸ்க்டாப் ஹேங் ஆவதைத் தவிர்க்க ரூட்டாகவே வேலை பார்க்கலாமா?

கேள்வி | 03-11-2025, இரவு 9.12

லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், பழைய லேப்டாப். பிரவுசரில் நிறைய டேப் திறந்துவைத்து, கூடவே லிப்ரேஆபிஸும் ஓடினால் திடீரென்று எல்லாம் நின்றுவிடுகிறது. மவுஸ் அம்பு மட்டும் சில நேரம் தத்தித் தத்தி நகரும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதே வழக்கமாகிவிட்டது. நண்பர் ஒருவர், ரூட் அக்கவுண்டுக்கு (கணினியில் எதையும் செய்ய முழு உரிமையுள்ள நிர்வாகி அக்கவுண்ட்) பாஸ்வேர்ட் வைத்து அதிலேயே லாகின் செய்து வேலை பார், எதையும் கில் பண்ண உரிமை இருக்கும் என்கிறார். செய்யலாமா?

03-11-2025, இரவு 9.50

வேண்டாம். ஹேங் ஆவதற்கும் உரிமைக்கும் சம்பந்தமே இல்லை. பிரவுசர் உங்கள் பெயரில்தான் ஓடுகிறது, லிப்ரேஆபிஸும் அப்படித்தான், சின்னமனும் அப்படித்தான். உங்கள் பெயரில் ஓடுவதை நிறுத்த உங்கள் சொந்த அக்கவுண்டே போதும், சூடோகூட (ஒரு கட்டளையை மட்டும் ரூட் உரிமையோடு ஓட்டுவது) தேவையில்லை. ரூட்டாக நுழைந்தால் அதே 8 ஜிபி ரேம்தான், அதே டேப்கள்தான், அதே ஹேங்தான். ஒரே வித்தியாசம், இப்போது அந்தப் பிரவுசர் முழுக் கணினிக்கும் முதலாளியாக இருந்துகொண்டு ஹேங் ஆகும்.

குரோமை ரூட்டாகத் திறந்து பாருங்கள், சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு வேலியை அணைக்காமல் ஓட மாட்டேன் என்று நின்றுவிடும். வீஎல்சி நேரடியாகவே மறுத்துவிடும். எழுதினவர்களே வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார்கள்.

03-11-2025, இரவு 10.20

சரி, ஹேங் ஆனால் என்ன செய்வது என்று சொல்லவில்லையே. முதலில் எது நின்றது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுக் கணினியும் நிற்பது அபூர்வம். மவுஸ் நகர்கிறது, கிளிக் மட்டும் எடுபடவில்லை என்றால் சின்னமன் மாட்டியிருக்கலாம். கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னமன் மட்டும் புதிதாக எழும், திறந்திருக்கும் விண்டோக்கள் அப்படியே இருக்கும். பாதிப் பிரச்சினை இதிலேயே முடியும், ஆனால் மின்ட்டுக்கு வந்து பல வருடமான ஆட்களுக்கே இந்தச் சாவி தெரிவதில்லை.

எடுபடவில்லையா, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3. கறுப்புத் திரையில் லாகின் கேட்கும். உங்கள் பெயரிலேயே நுழைந்து டாப் என்று அடித்தால் எது சிபியுவைத் தின்கிறது என்று மேலேயே தெரியும், பெரிய எம் தட்டினால் மெமரியைத் தின்பது மேலே வரும். பிகில் (பெயர் சொல்லி நிரலை நிறுத்தும் கட்டளை) ஃபயர்ஃபாக்ஸ் என்று அடித்துவிட்டுத் திரும்புங்கள். திரும்புவதற்கு மின்ட்டில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்7. உபுண்டுவின் க்னோமில் எஃப்1 லாகின் திரை, எஃப்2 உங்கள் டெஸ்க்டாப்.

(கட்டளைகளை எல்லாம் ஒலிக்கிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன். அப்படியே நகலெடுத்து டெர்மினலில் ஒட்ட முடியாது. இந்த இழைக்கு அது நல்லதுதான்.)

04-11-2025, காலை 7.05

இரவு எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். கேள்வி கேட்டவருக்கு நடப்பது மெமரி தீர்ந்து வரும் ஹேங் என்றுதான் எனக்குப் படுகிறது. அம்பு தத்தித் தத்தி நகர்வது அதன் அடையாளம், டிஸ்க் விளக்கும் விடாமல் எரிந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் கறுப்புத் திரைக்குப் போவது அவ்வளவாக உதவாது. பெயரை அடித்து என்டர் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கும் வரி வரவே வராது. வந்து, பாஸ்வேர்டும் அடித்து முடித்தால், 60 விநாடி ஆகிவிட்டது, நேரம் முடிந்தது என்று வெளியே தள்ளிவிடும். லாகின் நிரலின் வழக்கமான கெடு அவ்வளவுதான்.

ஏன் இப்படி நடக்கிறது? ரேம் நிறைந்ததும் கெர்னல் (கணினியின் மைய நிரல்) ஸ்வாப்புக்கு (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) தள்ளுகிறது, அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது அடுத்த படி. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறையையே ரேமிலிருந்து தூக்கிப் போடுகிறது, ஏனென்றால் அது டிஸ்க்கில் இருக்கிறது, வேண்டும்போது திரும்பப் படித்துக்கொள்ளலாம். அடுத்த நொடியே அது வேண்டும். படிக்கும், போடும், மறுபடி படிக்கும். ஸ்வாப்பே இல்லாவிட்டாலும் இந்தக் கூத்து நடக்கும். இவ்வளவுக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கிறதே என்று கெர்னல் தன் கடைசி ஆயுதமான ஓஓஎம் கில்லரை (மெமரி தீர்ந்தால் ஒரு நிரலைக் கொல்லும் பகுதி) எடுப்பதே இல்லை. நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்து எர்லிஓஓஎம். மின்ட் களஞ்சியத்திலேயே இருக்கிறது. மிச்சமுள்ள ரேம், மிச்சமுள்ள ஸ்வாப் இரண்டும் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரிய தீனிக்காரனுக்கு, போய்விடு என்று சொல்லும். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் கேட்காமலே கொல்லும். குரோமியம் வகைப் பிரவுசர்கள் டேப்களைத்தான் முதலில் பலி கொடுக்கும்படி தாங்களே குறித்து வைத்திருக்கும், அதனால் பெரும்பாலும் ஒரு டேப் போகும், ஆவணம் பிழைக்கும். ஃபெடோரா 32 இதைப் பணிநிலையப் பதிப்பில் இயல்பாகவே போட்டது, 34இல் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி-ஓஓஎம்டிக்கு மாறியது. உபுண்டு 22.04இலும் அந்த ஓஓஎம்டி வந்தது. அப்போது பிரவுசர் தானாக மூடிக்கொள்கிறது என்று எத்தனை பேர் புலம்பினார்கள்! ஹேங் ஆனாலும் புலம்பல், கொன்றாலும் புலம்பல்.

04-11-2025, மதியம் 1.30

கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, எரியாவிட்டால் செத்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. டெஸ்க்டாப் ஓடும்போது அந்த விளக்கை இயக்குவது திரையில் விண்டோக்களைக் காட்டும் நிரலான எக்ஸ் சர்வரோ வேலண்ட் கம்பாசிட்டரோதான். அது மாட்டிக்கொண்டால் கெர்னல் நன்றாக இருந்தாலும் விளக்கு அசையாது. விளக்கு தானாக விட்டு விட்டு மின்னினால் மட்டும் கெர்னல் பேனிக் (கெர்னலே செயலிழந்து நிற்பது) என்று சந்தேகப்படலாம், அதுவும் பழைய பிஎஸ்2 வகை விசைப்பலகைகளில், லேப்டாப்பின் சொந்த விசைப்பலகைகள் பல உள்ளே அந்த வகைதான்.

நம்பகமான சோதனை வேண்டுமென்றால் முன்கூட்டியே எஸ்எஸ்ஹெச் சர்வரை (நெட்வொர்க் வழியாக இன்னொரு கருவியிலிருந்து உள்ளே நுழைய விடுவது) போட்டு வைத்துக்கொண்டு, ஹேங் ஆகும்போது போனிலிருந்து உள்ளே நுழைந்து பாருங்கள். திரை செத்துக் கிடக்கும், போனில் பிராம்ப்ட் ஜம்மென்று வரும். அப்படியென்றால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர் என்று முக்கால்வாசி முடிவு கட்டிவிடலாம்.

04-11-2025, இரவு 11.15

பவர் பட்டனுக்கு முந்தைய கடைசிப் படி சிஸ்ஆர்க்யூ, கெர்னலுக்கே நேரடியாகக் கட்டளை கொடுக்கும் சாவி. பிரிண்ட் ஸ்கிரீன் சாவியின் இன்னொரு பெயர் அது. ஆல்ட்டையும் அதையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யூ, பி என்று ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும் என்று எல்லாப் பக்கங்களிலும் எழுதியிருப்பார்கள். உபுண்டுவில் தட்டிப் பார்த்துவிட்டு, முதல் மூன்றும் வேலை செய்யவில்லையே என்று வருவார்கள். செய்யாது. உபுண்டு வைத்திருக்கும் எண் 176, அதாவது 128 + 32 + 16. மறுதொடக்கம், டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று மாற்றுவது, எழுத வேண்டியதை எழுதி முடிப்பது, இந்த மூன்றுக்கு மட்டுமே அனுமதி. மின்ட்டும் உபுண்டுவின் வயிற்றில் பிறந்ததுதான். ஆகவே எஸ் தட்டி, சில விநாடி பொறுத்து, யூ, பிறகு பி. அது போதும். எழுதாமல் இருந்தது டிஸ்க்குக்குப் போய்விடும், அப்புறம் கணினி தானே திரும்ப எழும்.

டெபியனில் 438. ஃபெடோராவில் 16 மட்டும், எஸ் தவிர ஒன்றும் நடக்காது.

முழுதும் வேண்டுமென்றால் 64ஐயும் 4ஐயும் கூட்டுங்கள், 244. 64 என்பது நிரல்களுக்கு சிக்னல் அனுப்பும் உரிமை, 4 விசைப்பலகையை எக்ஸிடமிருந்து பிடுங்கும் உரிமை. 64 இருந்தால் எஃப் சாவியும் வேலை செய்யும், அதாவது ஓஓஎம் கில்லரைக் கையாலேயே கூப்பிடலாம். மெமரி ஹேங்குக்கு அதைவிட வேகமான வழி இல்லை. அப்படியானால் உபுண்டு ஏன் கொடுக்கவில்லை? திரை பூட்டியிருக்கும்போது யாராவது விசைப்பலகை முன் உட்கார்ந்து எஃப் தட்டிக்கொண்டே இருந்தால், திரைப்பூட்டு நிரலே பலியாகி டெஸ்க்டாப் திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு. வீட்டுக் கணினியில் நான் 244தான் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில், ஹாஸ்டலில் என்றால் யோசியுங்கள்.

இந்த எண்ணை மாற்றும் இடம்: எட்சி கோப்புறைக்குள் சிஸ்சிடிஎல்.டி என்ற உள்கோப்புறை இருக்கும். அங்கே 90 என்று தொடங்கும் பெயரில் புதுக் கோப்பு வையுங்கள், ஏற்கெனவே 10 என்று தொடங்கும் கோப்பு அங்கே இருக்கிறது, அதற்குப் பின்னால் படிக்கப்பட வேண்டும். இதற்குத்தான் சூடோ வேண்டும்.

05-11-2025, காலை 6.40

கண்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் என்று சொன்னவருக்கு: எக்ஸை அப்படியே கொல்லும் அந்தச் சாவி உபுண்டு 9.04இலேயே இயல்பாக அணைக்கப்பட்டுவிட்டது. 2009. தாத்தா காலத்து நாட்டுமருந்து.

05-11-2025, இரவு 8.30

இப்போது ரூட் விஷயம். ஹேங்கால் கோப்பு இழந்தவர்களைவிட, ஹேங் ஆன பதற்றத்தில் சூடோ போட்டு எதையோ அடித்துக் கணினியையே இழந்தவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். என்னிடம் வரும் கணினிகளில் பாதி அப்படி வந்தவைதான்.

பிகில் என்ற அதே கட்டளையைப் பாருங்கள். கொடுக்கும் சொல் நிரலின் பெயரில் எங்கே இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். ஏதோ ஷெல் ஸ்கிரிப்ட் மாட்டிவிட்டது என்று எஸ், ஹெச் என்ற இரண்டு எழுத்தைக் கொடுத்து ரூட்டாகத் தட்டினால் பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கும் நிரல்) போகும், எஸ்எஸ்ஹெச் போகும், க்னோம்-ஷெல் போகும். உங்கள் பெயரில் தட்டினால் உங்களுடையது மட்டும் போகும், ரூட்டாகத் தட்டினால் கணினியில் உள்ள எல்லோருடையதும். முதலில் பிக்ரெப் என்று அடித்து எதெல்லாம் சிக்குகிறது என்று பட்டியலைப் பார்த்துவிட்டு அப்புறம் பிகில் போடுங்கள்.

கில்-9 (கட்டாயமாகக் கொல்லும் கட்டளை) போட்டும் சாகவில்லை, அதனால் சூடோ போட்டேன் என்பது அடிக்கடி வரும் கதை. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் அதன் நிலை டி என்று இருந்தால் ரூட் என்ன, யார் வந்தாலும் சாகாது. டிஸ்க்கிடமிருந்தோ நெட்வொர்க் கோப்புறையிடமிருந்தோ பதிலுக்காகக் கெர்னலுக்குள் காத்திருக்கிறது. பழுதான பென்டிரைவைப் பிடுங்கினால் தானாக விழும். இல்லையென்றால் சிஸ்ஆர்க்யூதான்.

05-11-2025, இரவு 9.10

"ரூட்டாக ஒரே ஒரு முறைதானே நுழைந்தேன், இப்போது என் அக்கவுண்டில் பாஸ்வேர்ட் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்ப லாகின் திரைக்கே வருகிறது" என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். பதிலை இங்கேயே போடுகிறேன்.

கறுப்புத் திரையில் நுழைந்து எல்எஸ்-எல்ஏ அடியுங்கள். வீட்டுக் கோப்புறையில் எக்ஸ்அத்தாரிட்டி, ஐஸ்அத்தாரிட்டி என்று புள்ளியில் தொடங்கும் கோப்புகள் இருக்கும். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயருக்குப் பதில் ரூட் என்று இருந்தால் அதுதான் வியாதி. சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் அடித்தால், அல்லது கிராஃபிக்ஸ் நிரல்களை சூடோவுடன் திறந்தால் இப்படி ஆகும். எல்லாரும் சொல்லும் தீர்வு சூடோ சௌன், அதாவது கோப்பின் உரிமையாளரை மாற்றும் கட்டளை. தேவையே இல்லை. கோப்பு ரூட்டுடையது, ஆனால் அது இருக்கும் கோப்புறை உங்களுடையது. உங்கள் கோப்புறைக்குள் இருக்கும் கோப்பின் பெயரை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. எம்வி போட்டுப் பெயரை மாற்றிவிட்டு லாகின் செய்யுங்கள், புதிது தானாகப் பிறக்கும்.

சௌன்தான் போடுவேன் என்றால், புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்து மறைந்த கோப்புகள் எல்லாவற்றுக்கும் என்று அடிக்காதீர்கள். பழைய பாஷில், 5.2க்கு முந்தையவற்றில், அந்தப் புள்ளி-நட்சத்திரத்தில் இரட்டைப் புள்ளியும் சிக்கும். இரட்டைப் புள்ளி என்றால் மேல் கோப்புறை. ஆர்எம் (அழிக்கும் கட்டளை) அதைத் தொட மறுத்துவிடும், உள்ளே இருப்பதையும் சேர்த்து மாற்றும் சௌன்-ஆர் மறுக்காது. வீட்டில் எல்லோருடைய கோப்புகளும் உங்கள் பெயருக்கு மாறிவிடும்.

இதே லாகின் சுற்றலுக்கு இன்னொரு காரணம் டிஸ்க் நிறைந்துபோவது. டிஎஃப்-ஹெச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கின் எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பில் வழக்கமாக 5 சதவீத இடம் ரூட்டுக்கு என்று ஒதுக்கியிருக்கும், அதனால்தான் நமக்கு இடம் தீர்ந்த பிறகும் கணினி எழுந்து லாகின் கேட்கிறது. ரூட்டாகவே எந்நேரமும் வேலை பார்த்தால் அந்த மிச்சத்தையும் நாமே தின்றுவிடுவோம்.

06-11-2025, இரவு 10.00

தமிழில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும். கறுப்புத் திரையில் தமிழ் தெரியாது. அந்தக் கன்சோல் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை, கொம்பையும் காலையும் சேர்த்துக் காட்டும் வேலையும் அதற்குத் தெரியாது. டெஸ்க்டாப் மொழி தமிழ் என்றால் பிழைச்செய்திகள் எல்லாம் கட்டம் கட்டமாக வரும். நுழைந்ததும் லாங் என்ற மாறியை சி என்று வைத்துவிடுங்கள், ஆங்கிலத்துக்கு மாறிவிடும். தமிழில் பெயர் வைத்த கோப்பை அங்கே அழிக்கவோ நகர்த்தவோ நினைக்காதீர்கள், எந்தக் கட்டம் எந்தக் கட்டுரை என்று யாருக்குத் தெரியும்? எல்எஸ்-ஐ போட்டு ஐநோடு எண்ணை (ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள அடையாள எண்) பிடித்து வேலை செய்யலாம், ஆனால் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போனிலிருந்து வந்தால் தமிழ் ஒழுங்காகவே தெரியும்.

இன்னொன்று: மவுஸ் நன்றாக இருக்கிறது, தட்டச்சு மட்டும் எங்கும் விழவில்லை என்றால் அது ஹேங்கே இல்லை, தமிழ்த் தட்டச்சைக் கவனிக்கும் ஐபஸ் மாட்டியிருக்கிறது. ஐபஸ் ரீஸ்டார்ட் போதும். டெர்மினலிலும் விழாவிட்டால் கறுப்புத் திரையிலிருந்து ஐபஸ்-டீமனைக் கொன்றுவிட்டு டெஸ்க்டாப்புக்குத் திரும்புங்கள்.

07-11-2025, இரவு 9.45

தனி நிர்வாகி அக்கவுண்ட் வேண்டுமா, அன்றாட அக்கவுண்டைச் சாதாரணமாக வைக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு இரண்டு மனம். ஒரே ஆள் பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் அழிந்தால் அழ வைப்பது போட்டோவும் ஆவணங்களும்தான், அவற்றை அழிக்க ரூட் வேண்டாம். 2015 ஜனவரியில் ஸ்டீமின் லினக்ஸ் ஸ்கிரிப்ட்டில் இருந்த ஒரு பிழை, கோப்புறையை இடம் மாற்றியவர்களின் சொந்தக் கோப்புகளை எல்லாம் துடைத்துவிட்டது. அதற்கு யாரும் சூடோ கொடுக்கவில்லை. ஆகவே பேக்கப்தான் முதல் பாதுகாப்பு, அக்கவுண்ட் பிரிப்பது அப்புறம்.

ஆனால் இரண்டாவது நிர்வாகி அக்கவுண்ட் ஒன்றை வெறுமனே உருவாக்கி வைக்கச் சொல்வேன், வேறு காரணத்துக்காக. டெஸ்க்டாப் அடிக்கடி மாட்டினால் அந்த அக்கவுண்டில் நுழைந்து அரை மணி வேலை பாருங்கள். அங்கே மாட்டவில்லை என்றால் கோளாறு உங்கள் அமைப்புகளில், பெரும்பாலும் பேனலில் சேர்த்த ஏதோ ஒரு ஆப்லெட்டில் (குட்டி நிரல்). அங்கேயும் மாட்டினால் டிரைவர், மெமரி, டிஸ்க். இந்த ஒரு சோதனை, கண்டபடி மறுபடி நிறுவும் வேலையை மிச்சப்படுத்தும். குடும்பத்தில் மற்றவர்களுக்குச் சாதாரண அக்கவுண்ட் போதும், அதில் சந்தேகமே இல்லை.

டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) குழுவில் பெயரைச் சேர்த்துவிட்டு, நான் சூடோ பயன்படுத்துவதில்லை என்று பெருமைப்படும் தம்பிகளுக்கு: அந்தக் குழுவில் இருப்பதும் ரூட்டாக இருப்பதும் ஒன்றுதான். பாஸ்வேர்ட் கேட்காத ரூட்.

08-11-2025, காலை 8.20

பாஸ்வேர்ட் கேட்காத சூடோ பற்றி: வேண்டாம். உபுண்டு வகையில் ஒரு முறை கொடுத்தால் அதே டெர்மினலில் 15 நிமிடம் கேட்காது, அந்தச் சலுகை போதாதா? எழுந்து போகும்போது சூடோ-கே அடித்தால் உடனே மறந்துவிடும். யாருக்கு சூடோ உரிமை என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பைத் திருத்த விசூடோ மட்டும், வேறு எடிட்டரில் திறந்து ஒரு கமாவை மாற்றி வைத்துச் சேமித்தால் சூடோவே வேலை செய்யாமல் போகலாம், அதைச் சரிசெய்யவும் சூடோ வேண்டும்.

அடிக்கும் முன் திரையில் என்ன சொல்கிறது என்று படிப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். 2021 நவம்பரில் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீமை நிறுவப் போய் டெஸ்க்டாப்பையே கழற்றிப் போட்ட வீடியோ நினைவிருக்கும். நீக்கப் போகிறேன் என்று பட்டியலே போட்டு, ஆமாம், சொன்னபடி செய் என்று முழு வாக்கியத்தை ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னது ஆப்ட் (மென்பொருளை நிறுவும், நீக்கும் கருவி). அவரும் அடித்தார். தொகுப்பில் பிழை இருந்தது அவர் குற்றமில்லை, அதுவும் உண்மை. பிறகு ஆப்ட்டையே மாற்றி, அப்படி ஒரு வாக்கியத்தில் தாண்ட முடியாதபடி செய்தார்கள்.

தன் பெயரில் சூடோ ஏன் மறுக்கிறது என்று கேட்ட டெபியன்காரருக்கு: நிறுவும்போது ரூட் பாஸ்வேர்ட் கொடுத்தால் உங்கள் பெயர் சூடோ குழுவில் சேராது, காலியாக விட்டால்தான் சேரும். அதனால்தான் சூடோ போட்டதும் இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும் என்று மிரட்டியது. யாரிடம் புகார்? ரூட்டுக்கு ஒரு மின்னஞ்சல். அதாவது உங்களுக்கே.

09-11-2025, மாலை 5.30

கேள்வி கேட்டவர் எர்லிஓஓஎம் போட்டு இரண்டு நாள் ஓட்டிவிட்டு, ஜர்னல்சிடிஎல்லில் (கணினியின் பதிவேட்டைக் காட்டும் கட்டளை) வந்த வரியைப் போட்டிருக்கிறார். ரேம் 9 சதவீதம், ஸ்வாப் 7 சதவீதம், பலி ஒரு பிரவுசர் டேப். ஹேங் இல்லை. ஸ்வாப் கோப்பைக் கொஞ்சம் பெரிதாக்கினால் பலியும் குறையும், முடிந்தால் இன்னொரு ரேம் கம்பி போடுங்கள்.

அவர் கடைசியாகக் கேட்டது நல்ல கேள்வி: அப்டேட் ஓடும் நடுவில் ஹேங் ஆனால்? கொல்லாதீர்கள். கறுப்புத் திரைக்குப் போய் டாப்பில் டிபிகேஜி (தொகுப்புகளை நிறுவும் நிரல்) இன்னும் அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் டீ குடித்துவிட்டு வாருங்கள், டெஸ்க்டாப் செத்தாலும் அது தன் வேலையை முடிக்கலாம். நின்றே போய் மறுதொடக்கம் செய்ய வேண்டி வந்தால், எழுந்ததும் சூடோ டிபிகேஜி கான்ஃபிகர்-ஏ, பிறகு ஆப்ட் மைனஸ் எஃப் இன்ஸ்டால். லாக் கோப்பை அழித்துவிடு என்று தேடியதும் வரும் அறிவுரையைக் கேட்காதீர்கள். லாக் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட்தான். அது முடிந்ததும் தானே விட்டுவிடும்.